செலவு போக மிச்சம்

இசைவாணி பி.காம். முடித்து எட்டு மாதம் ஆகியிருந்த தை மாதத்தில், அவளுடைய அப்பாவின் வயலுக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். மன்னார்குடிக்குத் தெற்கே கடைமடையில் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். தண்ணீர் வந்து சேர்வதற்குள் குறுவைக்கான காலம் கடந்துவிடும். சம்பா ஒரு போகம்தான். நிலம் பஞ்சநதத்துக்குச் சொந்தம். பதினெட்டு வருடமாக அதைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர் அவள் அப்பா ரெத்தினம். வருடத்துக்கு இருபது மூட்டை அளந்துவிட்டால் மீதி அவருக்கு. அவருடைய அப்பா கடைசிவரை கூலிக்கே அறுத்துச் செத்துப்போனவர். அதனால் குத்தகைக்காரர் என்று நாலு பேர் சொல்வது ரெத்தினத்துக்குப் பெரிய விஷயம்.

படத்தின் கடைசிச் சண்டை, முற்றிய நெல்லுக்குள் நடக்கவேண்டுமாம். ஆறு மாவும் மிதிபடும். அறுக்க ஒன்றும் மிஞ்சாது. புரொடக்‌ஷன் மேனேஜர் தியாகேசன் வரப்பில் நின்றபடி இரண்டு வழி சொன்னார்.

“ஒண்ணு, பிளாட்டா ஒண்ணேகால் லட்சம். இன்னிக்கே கையில. அத்தோட கணக்கு முடிஞ்சுது. இல்லன்னா இப்ப இருபத்தஞ்சாயிரம், படத்தோட நெட் பிராஃபிட்ல ரெண்டு பர்சென்ட். எங்களுது சின்ன கம்பெனி, கைல காசு கம்மி. ஒளிக்காம சொல்றேங்க.”

ரெத்தினம் மகளைப் பார்த்தார். ஒப்பந்தம் பன்னிரண்டு பக்கம், ஆங்கிலம். அவள் நின்றபடியே படித்தாள். லைட்மேன்கள், பக்கத்து வயல்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்திருந்தார்கள். அவள் பேசுவதற்காக இத்தனை பேர் காத்திருந்தது அதுவரை நடந்ததில்லை.

“படம் எவ்வளவு வசூல் ஆகும் சார்?”

“ஓடினா பத்து கோடி. ஓடலன்னா ஃபைனான்சியர் எங்கள ஓடவிடுவாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். இசைவாணி செல்போனில் பத்து கோடிக்கு நூற்றுக்கு இரண்டு போட்டாள். இருபது லட்சம்.

ரெத்தினம் தாழ்ந்த குரலில் கேட்டார்: “வாரம் மாதிரியாம்மா? களத்துல கண்டுமுதல அளந்து பங்கு வைக்கிற மாதிரி?”

“ஆமாப்பா. வாரம் மாதிரிதான்.”

களத்தில் அடித்துக் குவித்த மொத்த நெல்தான் கண்டுமுதல். வாரத்துக்கு விட்ட நிலமென்றால் அந்தக் குவியலிலிருந்துதான் பங்கு அளப்பார்கள். உரச்செலவைக் கழித்துக்கொண்டு அளக்கிறேன் என்று யாரும் வாய் திறக்கமுடியாது. ரெத்தினம் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

“கைல வர்ற காச விட்டுட்டு, அவன் எப்பவோ தர்றத யாரு கண்டா?” என்றாள் அம்சம்.

“படிச்ச புள்ள சொல்லுது. நீ சும்மா இரு,” என்று மனைவியை அடக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான்கே நாளில் சண்டை முடிந்தது. மிச்சத்தை மாடுகள் மேய்ந்தன. இருபத்தைந்தாயிரம் உரக்கடைக்கும் நடவுக் கடனுக்கும் போனது. அந்த வருடக் குத்தகை நெல் நின்றுபோனபோது பஞ்சநதம் பெருந்தன்மையாகத்தான் பேசினார்: “படம் வரட்டும் ரெத்தினம். என் இருபது மூட்டை எங்க போயிடப்போவுது?”

ஆடியில் படம் வந்தது. மன்னார்குடியில் மூன்று வாரம் ஓடியது. மூவரும் போய்ப் பார்த்தார்கள். கதாநாயகன் ஒருவனைத் தூக்கிச் சேற்றில் அடித்தபோது, “அந்தா, நம்ம வாய்க்கா மடை!” என்று ரெத்தினம் தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். அம்சம் அவர் தொடையில் கிள்ளினாள்.

ஆவணி பிறந்து சில நாளில் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. கடைசி வரியில் நட்டம் என்று இருந்தது. இசைவாணி தியாகேசனுக்குப் போன் போட்டாள்.

“படம் ஓடுச்சே சார்?”

“படம் ஓடுச்சும்மா. கம்பெனிதான் உக்காந்துட்டுது. ஃபைனான்சியர் மூணு வட்டிக்குக் குடுத்தாரு. டிவி, ஓடிடி உரிமையெல்லாம் அவுட்ரைட்டா வித்தோம், அந்தக் காசு அப்படியே அவருக்குப் போயிட்டுது. திருச்சி, தஞ்சாவூர் ஏரியாவ எம்.ஜி.க்குக் குடுத்தோம். இவ்வளவு நிச்சயம்னு முன்னாடியே வாங்கித்தான் ரிலீசே பண்ணினோம். அப்பறம் விளம்பரம், கமிஷன், ஆபீஸ் செலவு. அதெல்லாம் போகத்தானே நெட்டு? பத்தாம் பக்கத்துல போட்டிருக்கே, படிச்சீங்கல்ல?”

“படிச்சேன் சார்.”

“என் பேட்டாவே நாலு மாசமா நிக்குது தங்கச்சி. அன்னிக்கு நான் பிளாட்டத்தானே முதல்ல சொன்னேன்?”

சொன்னார்தான். திட்டுவதற்குக்கூட ஆள் மிஞ்சவில்லை.

அவர் சொன்னது ஒவ்வொன்றும் அவளுக்கு இப்போது விளங்கியது. அவுட்ரைட் என்றால் கிரயம். எம்.ஜி. என்றால், விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்கவேண்டிய அப்பாவின் இருபது மூட்டை மாதிரி. மொத்த லாபத்துக்கும் நிகர லாபத்துக்கும் வித்தியாசம் எழுதி அவள் கல்லூரியில் எண்பத்து நாலு மார்க் வாங்கியிருக்கிறாள். அன்று வரப்பில் அது எங்கே போனது? மறந்துவிட்டதா? இல்லை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘நாளைக்குச் சொல்றேன்’ என்று சொல்ல வெட்கப்பட்டாளா? யோசித்த ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் தோன்றியது. எதுவும் பொய்யாக இல்லை.

மறுநாள் காலை, அடிபம்பில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றாள்.

“அப்பா, நெட்டுன்னா கண்டுமுதல் இல்லப்பா. செலவு போக மிச்சம்.”

ரெத்தினம் நிமிர்ந்தார். “செலவு போக மிச்சமா?”

“ஆமாப்பா.”

“இத அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமேம்மா. பதினெட்டு வருஷத்துல எந்த வருஷம் எனக்குச் செலவு போக மிஞ்சியிருக்கு? அந்தச் சொல்லு காதுல விழுந்திருந்தா பிளாட்டயே வாங்கியிருப்பனே.”

கோபமாகச் சொல்லவில்லை. மற்றொரு காலையும் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

விதை விடுகிற நேரம் நெருங்கியபோது பஞ்சநதம் அப்பாவையும் மகளையும் கூப்பிட்டனுப்பினார்.

“நானா இருந்தா இன்னொரு வருஷம் பொறுப்பேன் ரெத்தினம். மவன் சிங்கப்பூர்லேருந்து தினம் கேக்குறான். பக்கத்து வயல் வீரையன் முப்பது மூட்டை அளக்கறேங்கறான். பழைய இருபது மூட்டைய நான் கேக்கல. நீ நிலத்த விட்டுடு.”

அரைப்பக்கத் தாள், தமிழில் தட்டச்சு செய்திருந்தது. ரெத்தினம் அதை வாங்கி, வழக்கம்போல் மகளிடம் நீட்டினார். “படிச்சுச் சொல்லும்மா.”

படித்தாள். குத்தகைப் பாத்தியதை இனி இல்லை. நாளது தேதியில் நிலத்தைச் சுவாதீனம் ஒப்படைத்தேன். பாத்தியதை என்றால் உரிமை, சுவாதீனம் என்றால் கைவசம்; ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்தது. இரண்டாம் தடவை படித்தாள். மூன்றாம் தடவை, தெரிந்த பொருள்தானா என்று சந்தேகம் வந்தது.

“எனக்குச் சரியாத் தெரியலப்பா. வேற யாருகிட்டயாவது காட்டுவோம்.”

பஞ்சநதம் சிரித்தார். “பி.காம். படிச்ச பொண்ணு, அரைப்பக்கத் தமிழு தெரியலங்குது.”

ரெத்தினம் சிரிக்கவில்லை. அவளுக்குப் படிக்க வராது என்று ஒருவர் சொல்லி அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

“அதுக்குத் தெரியும்ங்க,” என்றார். “இதுல தெரியாம இருக்க ஒண்ணும் இல்ல.”

பேனாவை வாங்கிக்கொண்டு, எங்கே போடவேண்டும் என்று மட்டும் மகளைக் கேட்டார். அவள் விரலை வைத்துக் காட்டினாள்.