பல பெயர் கொண்ட நாய்

எங்கள் நாய்க்குப் பெயர் உண்டு. ஒன்றல்ல, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் நாங்கள் எத்தனை பேரோ அத்தனை பெயர். ஒருத்தி தனக்குப் பிடித்த நடிகரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். இன்னொருத்தி, மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, மாமியாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். எதைச் சொன்னாலும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். நான் இங்கே ஒரு பெயரை எழுதினால் மற்றவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அதனால் நாய் என்றே எழுதுகிறேன். ஆனால் அது தூங்குவது என் வீட்டில். அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கோத்தகிரிப் பக்கம், அரவேணுவுக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் எனக்கு வேலை. என் அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த வீடுகளை நாங்கள் இன்னமும் லயம் என்றும், டீயைத் தேத்தண்ணி என்றும்தான் சொல்கிறோம். காலையில் நாங்கள் மலை ஏறினால் நாய் எங்களுக்கு முன்னால் போகும். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் காட்டுமாடு நின்றால் பனியில் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பாக, பாறை போல, அசையாமல் நிற்கும். நாய்க்கு எப்படியோ தெரிந்துவிடும். அடித்தொண்டையிலிருந்து ஒரு மாதிரி உறுமும். நாங்கள் சத்தமில்லாமல் வேறு பக்கம் போய்விடுவோம். இந்த வேலைக்குக் கூலி, மதியச் சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு கவளம். எங்கள் கூட்டத்திலேயே நன்றாகச் சாப்பிடுகிற ஆள் அதுதான்.

அதற்கு எதிரி என்று ஒருவர்தான் இருந்தார். பக்கத்து வீட்டு அண்ணன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், ஆட்டோ ஓட்டுகிறார், வாசலில் கோழி வளர்க்கிறார். நாய் ஒருமுறை அவருடைய கோழிக்குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் அடுப்படியில் பத்திரமாக வைத்தது. குஞ்சுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அவர் வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க அம்மிணி, நாயைக் கட்டி வையுங்க. இன்னொருக்கா என்ற குஞ்சு மேல வாய் வெச்சுதுன்னா அன்னிக்கோட அது கதை முடிஞ்சுது, பாத்துக்கங்க.”

“உங்க கோழியக் கட்டி வைங்கண்ணே. பொழுதன்னைக்கும் அதுதான் என் வீட்டுக்குள்ள வந்து அசிங்கம் பண்ணுது” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். லயம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்களுக்கு அட்டையோடுதான் குடித்தனம். செடிக்கு அடியில், புல்லில், சாக்கில், எங்கே கை வைத்தாலும் அட்டை. புகையிலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சி, அந்த எண்ணெயை முழங்கால் வரை பூசிக்கொண்டுதான் நாங்கள் தேயிலைக்குள் இறங்குவோம். எஸ்டேட் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் நிறைய இது இருக்கும். மழை நாளில் எங்கள் பக்கத்தில் வந்து நின்றால் வெற்றிலைக் கடைக்குள் நுழைந்தது போல மணக்கும்.

ஒரு மழைநாள் சாயங்காலம், நாயின் விரலிடுக்கில் அட்டை கடித்து, என் வீடு முழுக்க ரத்தக் கால் தடம். அட்டையைப் பிடுங்கிப் போட்டும் ரத்தம் நிற்கவில்லை. எனக்கு நெஞ்சே ஆறவில்லை. அன்றைக்கே வீடு வீடாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். பத்தாததற்கு மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலும் நின்று சொன்னேன். பாவம், நமக்காகத்தானே அந்த வாயில்லாத ஜீவன் காட்டில் அலைகிறது என்று சொன்னபோது ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள்.

அன்று தேத்தண்ணி நேரம் வருவதற்குள் நாய் விழுந்தது.

முதலில் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. அப்புறம் வாந்தி, மறுபடி வாந்தி. கால்கள் நாலும் வெடவெடவென்று நடுங்கின. எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் இரண்டு செடிகளுக்கு நடுவில் சாய்ந்துவிட்டது. நாங்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினோம். ஒருத்தி டிபன் பாக்ஸில் இருந்த மோரை அதன் வாயில் ஊற்றினாள். அது மூக்கு வழியாக வெளியே வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். மேல் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தார்களே, அந்தப் புல்லைத் தின்றிருக்கும். காரட் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு விஷம் வைத்திருப்பார்கள். பாம்பு, பாம்பேதான். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கோழிக்காரர்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

கொழுந்துச் சாக்கில் நாயைப் படுக்க வைத்து, நானும் என் எதிர்வீட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினோம். அங்கே ஒரே ஒரு ஆட்டோ நின்றது. யாருடைய ஆட்டோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேறு வழியில்லை, ஏறினோம். ஏறிய பிறகும் நான் விட்டேனா? கோத்தகிரி வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அண்ணே என்பது போய் யோவ் வந்தது. அவர் குலம், கோத்திரம், கோழி, ஆட்டோ எதையும் மிச்சம் வைக்கவில்லை. கை விளங்காமல் போகும் என்றேன். ஒரு பச்சை ஜீவனைக் கொன்ற பாவம் சும்மா விடாது என்றேன். அவரோ விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் லாரிகளை ஓரங்கட்டி அந்த மழையில் அப்படி ஓட்டினார். நான் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

“மூச்சு இருக்குதுங்களா?”

“இருக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பேன். என் எதிர்வீட்டுக்காரி நாயின் தலையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஓர் இளவயது டாக்டரம்மா. நாயை மேசையில் கிடத்தி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடியே எங்களைக் கேள்விகளால் துளைத்தார். வீட்டில் எலி மருந்து உண்டா? தேரையைக் கவ்வியதா? வேலியோரம் குழாய் குழாயாகத் தொங்குமே, அந்த ஊமத்தைப் பூவைத் தின்றதா?

“சாக்லேட் ஏதாவது சாப்பிட்டதா?”

“அதெல்லாம் டூரிஸ்ட்காரங்க வாங்கறதுங்க டாக்டரம்மா. எங்களுக்கே கிடைக்காது” என்றேன், அந்த அழுகையிலும்.

“சாக்லேட் நாய்க்கு விஷம்மா. அதுக்காகத்தான் கேக்கறேன்.” எனக்கு ஒரே ஆச்சரியம். ஊட்டியில் கடைக்குக் கடை அடுக்கி வைத்து விற்கிறார்களே அது விஷமா? உலகத்தில் ஒரு நாய் செத்துப்போக இத்தனை வழி இருக்கிறதா? இத்தனை நாள் இது உயிரோடு இருந்ததே பெரிய காரியம் என்று தோன்றியது. கடைசியில் நான் விஷயத்துக்கு வந்தேன். “இதெல்லாம் இல்லைங்க. விஷம் வெச்ச ஆளு வெளியில ஆட்டோவுல உக்காந்திருக்காரு” என்றேன்.

டாக்டரம்மா அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து நாயின் முன்னங்காலை மோந்து பார்த்தார். பிறகு பின்னங்காலை. “இது என்ன வாசம்?”

“புகையிலை எண்ணெய்ங்க. அட்டை கடிக்காம இருக்க காலையில நான்தான் தடவினேன்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

எதிர்வீட்டுக்காரி அழுகையை நிறுத்தினாள். “நானுந்தான் தடவினேன். பாவமா இருந்துச்சு.”

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவர்களுக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். கொழுந்துக் காட்டிலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. நானும் கொஞ்சம் தடவினேன் அக்கா. நான் பின்னங்காலுக்கு மட்டும். நான் வயிற்றுக்கும் சேர்த்து, அட்டை அங்கேயும் ஏறுமே. வீட்டு வாசலிலும் பெரட்டுக் களத்திலும் என் பேச்சைக் கேட்டு மனசு உருகியவள் ஒவ்வொருத்தியும், அடுத்தவளுக்குத் தெரியாமல், நாயைத் தனியாகக் கூப்பிட்டு எண்ணெய் பூசியிருக்கிறாள்.

“காலை நக்காத நாய் உண்டாம்மா?” என்றார் டாக்டரம்மா. “அதுவும் தேங்காய் எண்ணெய். அதுல காய்ச்சின புகையிலை நாய்க்கு விஷம். எல்லாத்தையும் நக்கியே தின்னிருக்கு. தோல் வழியாவும் இறங்கியிருக்கும். அதுவா வாந்தி எடுத்ததுதான் நல்லதாப் போச்சு. மயங்கிக் கிடக்கிற நாய் வாயில மோரை ஊத்தினது யாரு? நுரையீரலுக்குள்ள போயிருந்தா என்ன ஆகறது?”

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். அப்புறம் சோப்புப் போட்டு நாயை அலசு அலசு என்று அலசினோம். டாக்டரம்மா நரம்பில் ட்ரிப் ஏற்றி, நடுக்கம் நிற்க ஊசி போட்டார். இப்போதெல்லாம் நாங்கள் அதன் காலில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படவிடுவதில்லை. சாயங்காலம் கொழுந்து எடை போடும் இடத்தில் அது ஜமீன்தார் போல மல்லாந்து படுக்கும், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கையாலேயே அட்டை பிடுங்குவோம். அன்று அதெல்லாம் நடக்குமா என்றே எங்களுக்குத் தெரியாது.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா மறுபடியும் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். “நெஞ்சு சீராயிடுச்சு. ஊசி மயக்கத்துல தூங்குது. எழுந்ததும் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வாலை ஆட்டினா பயமில்லை. இல்லைன்னா உடனே திரும்பக் கொண்டு வாங்க.”

மறுபடியும் அதே ஆட்டோ. மழை விட்டு, பள்ளத்தாக்கிலிருந்து மேகம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி முன்னால் குனிந்து, நடந்ததை எல்லாம் அவருக்கு ஒன்று விடாமல் சொன்னாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் நாய் கண்ணைத் திறந்தது. நான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. எதிர்வீட்டுக்காரி தான் வைத்த பெயரைச் சொன்னாள். நடிகரைக் கூப்பிட்டோம், மாமியாரைக் கூப்பிட்டோம். இருக்கிற எல்லாப் பெயரையும் சொல்லித் தீர்த்துவிட்டோம். வால் சாக்கின் மேல் கயிறு மாதிரி கிடந்தது. “வண்டியைத் திருப்புங்கண்ணே” என்றேன்.

அவர் ஓரமாக நிறுத்தினார். ஆனால் திருப்பவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அம்மிணி, ஒண்ணு சொல்லோணுமுங்க. காத்தால நம்ம ஊட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. தெனமும் வரும். மிச்சம் மீதி ஏதாச்சும் போடுவனுங்க. அட்டை கடிச்சுதுன்னு நீங்க லயமெல்லாம் சொன்னீங்களா, எனக்கும் மனசு கேக்கல. நானும் ரெண்டு கை எண்ணெய் தேச்சு உட்டனுங்க.”

“அப்ப நான் வழி நெடுகத் திட்டினது?”

“பாதிக்குப் பாதி சரிதானுங்க.”

எனக்கு வந்த சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது. எதிர்வீட்டுக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். அவர் எங்கள் சிரிப்பைக் கண்டுகொள்ளாமல் திரும்பி, கம்பிக்கு இடையில் கையை நீட்டி நாயின் காதைத் தொட்டார். பிறகு, கோழிகளுக்கு அரிசி போடும்போது கூப்பிடுவாரே அந்தக் குரலில், எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு பெயரைச் சொன்னார்.

வால் சாக்கில் ஒரு தட்டு தட்டியது. அவர் மறுபடியும் கூப்பிட்டார். பட் பட்டென்று தட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.