டாக்டரம்மாவிடம் நான் கேட்டது

டயாலிசிஸ் ஆரம்பித்ததுமே என் கணவர் பாயைக் கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டார்.

"தூக்கத்துல பொரண்டு உன் கை மேல வுழுந்துட்டா இன்னா பண்றது?" என்றார்.

ஊசி குத்துவதற்காக என் இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதில் பளு படக்கூடாது என்று சொன்னதை என்னைவிட அவர்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கச்சிராயபாளையம் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் மரவள்ளிக் கொல்லை. முதலில் களைப்பும் அரிப்பும் வாயில் ஒரு கெட்ட வாடையுமாகக் கிடந்தேன். வேறு நினைப்பே இல்லை. உடம்பு கொஞ்சம் தேறி, சோறு ருசிக்கத் தொடங்கியபோது அந்த ஆசையும் திரும்பி வந்தது. அவர் கொல்லையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது பார்த்துக்கொண்டே இருப்பேன். மாத்திரை எடுத்துக் கொடுப்பார், கால் பிடித்துவிடுவார். முட்டிக்கு மேலே அவர் கை வராது.

ஒரு நாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், அவர் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டுவிட்டேன்.

"நாங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கலாமுங்களா, டாக்டரம்மா?"

என் கணவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்ப உங்க உடம்புக்கு, தாராளமா இருக்கலாம். டயாலிசிஸ் அன்னிக்கு மட்டும் வேணாம், அசதியா இருக்கும். கை அமுங்காம பாத்துக்கங்க" என்றார் டாக்டரம்மா, சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

 பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கணவர் மெதுவாக, "உனக்கு எதனா ஆயிட்டா?" என்றார்.

"ஆச்சுன்னா சொல்றேன். எனக்கு வாய் இல்லியா?"

மறுநாள் மதியம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அவர் கொல்லையிலிருந்து சீக்கிரமே வந்து குளித்தார். நான் வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டேன். கறுத்து வறண்டுபோன என் தோலை வெளிச்சத்தில் காட்டக் கூச்சமாக இருந்தது. அவர் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. என் இடது கையைத் தலையணை மேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார்.

பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. "போதுங்க" என்றேன். பதறி எழப்போனார். வலது கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுந்துக்காதீங்க. இப்டியே இருங்க."

இருந்தார். அவர் முகம் என் கழுத்தில் ஈரமாக இருந்தது. வேர்வையா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

அவர் பாய் என் பக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டது. இப்போதும் சில வாரம் உடம்பு ஒத்துழைப்பதில்லை. சில வாரம் அவருக்குப் பயம் வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் பக்கத்தில் அவர் தூங்க, நான் ஏங்கிக்கொண்டுதான் கிடக்கிறேன். காலையில் அதை அவரிடமே சொல்லிவிடுகிறேன்.