கடைசிக் குப்பியும் எஸ்தரின் இருமலும்

என் மனைவி எஸ்தர் இருமவேண்டும். அன்று நான் ஆண்டவரிடம் கேட்டது அது ஒன்றுதான். இருமலுக்காக ஒருவன் ஜெபிப்பானா என்று தோன்றும். சபையாரே, கேளுங்கள். என் வெட்கத்தையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருஷங்கள். அரூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் காம்பவுண்டர். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் கத்திக்குத் தப்பி, சளிக்குப் பலியானதை நிறையப் பார்த்தவன். தையல் வலிக்குப் பயந்து இருமமாட்டார்கள். சளி நெஞ்சில் தங்கிவிடும். மூன்றாம் நாள் காய்ச்சல், அப்புறம் மூச்சுமுட்டல். அதனால் எங்கள் டாக்டரம்மா தையல் போடும்போதே காயத்தைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார். அதற்கு இரண்டு மருந்துகள் இருந்தன. பழையது புரோகெயின், ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. புதியது நூபர்கெயின், பொழுது சாயும்வரை தாங்கும் என்றார்கள். அது நிஜந்தானா என்று பார்க்க, ஒருவருக்குப் பழையது, அடுத்தவருக்குப் புதியது என்று முறைவைத்துப் போட்டார். வலி எப்போது திரும்பியது, நோயாளி எப்போது இருமினார் என்று நோட்டில் எழுதுவது என் வேலை.

ஐப்பசி மழையில் எஸ்தருக்கு நெஞ்சு நிறையச் சளி. அந்த நேரம் பார்த்துக் குடல்வால் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. அன்று காலையே ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. அதே காலையில் பக்கத்து மலையிலிருந்து சடையன் என்ற விவசாயியைத் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி அவர் வயிற்றைக் கிழித்திருந்தது. முதலில் அவர், பிறகு எஸ்தர். நோட்டைப் பார்த்தேன். முறைப்படி சடையனுக்குப் புதியது, எஸ்தருக்குப் பழையது. அலமாரியில் புதிய மருந்து ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். கப்பல் வராததால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் குப்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சடையனுக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, எஸ்தரின் ஊசியில் இதை ஏற்றிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அப்படியே மருந்து அறையில் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே" என்பேன், அதற்குமேல் வாய் ஓடாது. எழுந்து நடந்தேன். மறுபடியும் மண்டியிட்டேன். மறுபடியும் எழுந்தேன். வாசலில் சடையனின் மனைவி வெள்ளச்சி வந்து நின்றார்.

"ஐயா, எங்க வூட்டுக்காரரு பொழைச்சுக்குவாருங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குப்பியைக் கொண்டுபோய் ஆபரேஷன் தட்டில் வைத்தேன். "எனக்கு வேறு வழியில்லை, நீரே பார்த்துக்கொள்ளும்." அவ்வளவுதான் என் ஜெபம். கோபத்தோடு சொன்னேன், மறைக்கமாட்டேன்.

மத்தியானத்துக்குள் எஸ்தருக்கு வலி திரும்பிவிட்டது. மணியைப் பார்த்து நோட்டில் எழுதினேன்.

"கொஞ்சம் இருமு எஸ்தர்."

"முடியலைங்க. பிச்சுக்கிட்டுப் போவுது."

அவள் நெஞ்சு கரகரவென்றது. நான் வார்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சன்னலைத் திறந்தேன், மூடினேன். எங்களுக்கு இருந்தது ஒரே வார்டு, நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு அந்தப் பக்கம் சடையன் குறட்டை விட்டுத் தூங்கினார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

திரையை விலக்கிக்கொண்டு வெள்ளச்சி வந்தார். கையில் ஒரு பழைய சேலை. பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவதுபோல அதை மடித்து எஸ்தரின் வயிற்றைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார்.

"தையல் பிச்சுக்கும்! வுடும்மா!" என்று கத்தினேன்.

"சும்மா இருங்கய்யா. கட்டுன வயிறு ஆடாதுங்க." இரண்டு உள்ளங்கையாலும் காயத்தின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டார். "இப்ப இருமு கண்ணு."

எஸ்தர் இருமினாள். அழுதுகொண்டே மறுபடியும் இருமினாள். சளி கட்டியாக வந்து விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டரம்மா தையலைப் பார்த்துவிட்டு, "கட்டு அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"புருஷன வுட்டுட்டு எப்படிம்மா வந்தீங்க?" என்று வெள்ளச்சியைக் கேட்டேன்.

"அவரு நோவில்லாம தூங்கறாருங்க. முழிச்சிருந்தா என் கைய வுட்டிருப்பாரா? அதான் எந்திரிச்சு வந்தேன்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குப்பியைத் திருடியிருந்தால் எஸ்தருக்கு ஒரு பகல் தாங்கியிருக்கும். அதற்குப் பிறகு? அடுத்த நாலு நாளும் அவளை இருமவைத்தது அந்தச் சேலைதான். நான் திருடியிருந்தால், அதைக் கட்டிய கைகள் சடையனின் பிடியில் சிக்கியிருக்கும்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் நோட்டை என்னிடமே நீட்டினார். "இனிமேலும் நீங்களே எழுதுங்க." அதன்பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த மருந்து போட்டாலும், வயிற்றைச் சேலையால் கட்டுவது வழக்கமாயிற்று. மருந்து அலமாரியை நான் ஜெபிக்காமல் திறப்பதில்லை.

பிரியமானவர்களே, எதையாவது பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு ஜெபிக்க முடியாமல் தவிக்கிறீர்களா? எடுத்து வைத்துவிடுங்கள். கோபமாகவாவது அவரிடம் பேசுங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் செவிகொடுப்பார்.

மழைக்காலம் வந்தால் எஸ்தர் இன்னும் இருமுகிறாள். ஒவ்வொரு தடவையும் நான் "ஸ்தோத்திரம்" என்கிறேன். "எனக்குத் தொண்டை வலிக்குது, உங்களுக்கு ஸ்தோத்திரமா?" என்று திட்டிக்கொண்டே அவளும் ஸ்தோத்திரம் சொல்லுகிறாள்.