சனிக்கிழமை மூன்று மணிக்காரன்

பேய், ஆவி, ஏவல் இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. லாபிஸ் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன் நான், விடியாத நேரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவில் தனியாக நடந்து பழகியவன், ஒன்றையும் பார்த்ததில்லை. யாராவது இந்த மாதிரிக் கதையை ஆரம்பித்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன். நான் சொல்வதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது, அதுவும் ஒரு கித்தார் வாங்கப் போன இடத்தில் நடந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். பத்து பாகாட்டில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் ரம்பம் ஓட்டுகிறேன். அந்த ரம்பம் ஒருநாள் என் வலது கை ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துக்கொண்டது. மிச்சப் பாதி மழை நாளில் வலிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி கமலாவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கூச்ச சுபாவம் எனக்கு. நாலு பேர் பார்த்தால் பேச்சு வராது. அதனால்தான் பேஸ் கித்தாரைப் பிடித்தேன் என்று நினைக்கிறேன். கல்யாண விருந்தில் வாசிக்கிற குழுவில் பாடுகிறவரைப் பார்ப்பார்கள், கீபோர்டு வாசிக்கிறவரைப் பார்ப்பார்கள், பின்னால் டும் டும் என்று தடித்த தந்தியைத் தட்டிக்கொண்டு நிற்கிறவனை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பாதி விரலை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்பீர்கள். நடுவிரலாலும் மோதிர விரலாலும் வாசிப்பேன். கை கொஞ்சம் கோணலாகத் திரும்பும், மற்றவர்கள் கட்டைவிரலை ஊன்றுகிற இடத்தில் எனக்கு ஊன்ற வராது, அதற்கும் கீழே வெறும் மரத்தில்தான் ஊன்றுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை அதிகம். வெளியில் தெரியாது. எங்கள் குழுவை நடத்துகிற சேகர் மைக்கைப் பிடித்து ஒரு ஜோக் சொன்னால் மண்டபமே சிரிக்கும், எனக்கு வயிறு எரியும். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய்க்கு வாய் அண்ணே என்பான், நல்ல பையன்தான், இருந்தாலும் எரியும்.

நான் வாசித்துக்கொண்டிருந்த பேஸ் சேகருடைய அண்ணனுடையது. அவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பொந்தியானில் ஒரு கல்யாண விருந்து. சேகர் சொன்னான், "அண்ணே, சொந்தமா ஒண்ணு பாருங்கண்ணே. இல்லன்னா நான் கீபோர்டுல இடது கையாலயே பேஸ சமாளிச்சிக்கிறேன். நீங்க வந்து சாப்பிட்டுப் போங்க லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அது நடந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இடது கைக்குக் கூலி கிடையாது. ஒரு தடவை நான் இல்லாமல் ஒப்பேறிவிட்டால் அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டார்கள். தொழிற்சாலையை விட்டால் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மூலைதான்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். டவுனில் பழைய கடை வரிசை, மாடியில் ஒரு சீனர் பழைய வாத்தியங்கள் விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதுவரை நான் அந்தப் படியை மிதித்ததே இல்லை. கையில் எழுநூறு வெள்ளிப் பணம். என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். நாலு தந்தி போதும். பேட்டரி போடுகிற மாதிரி வேண்டாம், பாதிப் பாட்டில் பேட்டரி செத்தால் நாமும் செத்தோம். மூன்று மணி நேரம் தோளில் தொங்கும், அதனால் கனம் ஆகாது. ஒயர் செருகுகிற ஓட்டை ஆடக்கூடாது, குமிழைத் திருகினால் கரகரக்கக் கூடாது. பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது.

படியேறி உள்ளே போனதும் கடை முதலாளி, தவுக்கே என்போம், எழுந்து நின்று கையை விரித்தார். "அலாமாக் அண்ணே! இன்னிக்குப் புதன்தானே? என்ன சீக்கிரம்?" அவர் பேசியது பாசார் மலாய், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் சுவரிலிருந்து ஒரு கறுப்பு பேஸை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டார்.

வேறு யாரோ தமிழன் என்று நினைத்துவிட்டார், நமக்கு இது புதுசா என்று இருந்துவிட்டேன். நான் அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கூச்சம். தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது.

வார் என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. நான் குள்ளம், எல்லா வாரையும் இரண்டு ஓட்டை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும், இது இழுத்துக் கட்டியே இருந்தது. கையை வைத்தேன். கட்டைவிரல் போய் உட்கார்ந்த இடத்தில் கறுப்புச் சாயம் தேய்ந்து, முட்டை வடிவத்தில் மரம் வெளியே தெரிந்தது. பழைய செருப்பில் கால் உட்காருகிற மாதிரி விரல் அதில் உட்கார்ந்தது. மற்றவர்கள் ஊன்றுகிற இடம் இல்லை அது. நான் ஊன்றுகிற இடம்.

"இதக் கெடுத்ததே நீங்கதான்," என்று தவுக்கே சிரித்தார். "கடைக்கு வந்தப்போ ஒரு கீறல் இல்ல. சனிக்கிழமையானா மூணு மணிக்கு வந்து உக்காந்து தேய்ச்சே விட்டீங்க. விரல் எப்படி? மழை பெஞ்சா இன்னும் வலிக்குதா?"

நம்பினால் நம்புங்கள், இந்த வலி கமலாவைத் தவிர யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பேன், ஓவர்டைம், என் பஞ்ச் கார்டைக் கேட்டுப் பாருங்கள்.

சத்தம் கேட்டு அவர் சம்சாரம் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்ததுமே சிரிப்பு. "அண்ணே, அந்தப் பாட்டு வாசிங்க, அந்தக் குதிக்கிற பாட்டு. அதோட அந்த முதலாளி ஜோக்கும் சொல்லணும்."

எனக்குத் தெரிந்ததை வாசித்தேன். டும் டும். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. தவுக்கே, "இன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பயந்திருக்க வேண்டிய நேரம் அது. எனக்கு வந்தது பயம் இல்லை, எரிச்சல். எவனோ ஒருவன் என் மூஞ்சியோடும் என் பாதி விரலோடும் வந்து, என்னைவிட நன்றாக வாசித்து, ஜோக் சொல்லி, இவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறான். அதற்கு மேல் தவுக்கே ஒன்று சொன்னார். "உங்க பெண்டாட்டியக் கூட்டிட்டு வரலையா? போன வாரம் எப்படிச் சிரிச்சாங்க!"

அவன் தொட்ட கித்தார் எனக்கு வேண்டாம் என்று மனதில் வந்தது. பக்கத்தில் தொங்கிய சிவப்பு பேஸைக் காட்டினேன். தவுக்கே வேண்டாம் வேண்டாம் என்றார், கனம், ஒயர் ஓட்டை ஆடுது, மேடைக்கு ஆகாது என்றார். எனக்குத் தெரியாதா என்ன. பணத்தை நீட்டி அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கமலாவிடம் நேரே கேட்க வாய் வரவில்லை. "சனிக்கெழம மத்தியானத்துல எங்கயாச்சும் போவியா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "நான் எங்க தனியாப் போறேன்? உங்ககூடப் போனாத்தான் உண்டு," என்றாள். அப்போது அதை நல்ல பதிலாக எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒத்திகையில் சிவப்பு பேஸ் மானத்தை வாங்கியது. நான் கொஞ்சம் அசைந்தால் சத்தம் போய்விடும், அசையாமல் நின்றால் ஙொய் என்று இரையும். சேகர் கீபோர்டை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, தேன்கூட்ட வாங்கிட்டு வந்துட்டீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்காமல் சொன்னான், "ஞாயித்துக்கெழமைக்கு இது ஆகாதுண்ணே. நான் இடது கையால பார்த்துக்கவா?" ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிவப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். மாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம். அவனைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

கடைக்குக் கீழே படி வாசலில் நின்றபோது மூன்று மணிக்கு மேல் ஆகியிருந்தது. நல்ல வெயில். மேலே பேஸ் சத்தம் கேட்டது. என் வாசிப்புத்தான் அது. என் விரல் எங்கே தயங்கும், எங்கே கொஞ்சம் முந்தும் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தயக்கத்தையே வைத்துக்கொண்டு அவன் குதிக்க வைத்தான். நான் வெட்கப்படுகிற இடத்தில் அவன் விளையாடினான். தவுக்கே சிரித்தார், அவர் சம்சாரம் சிரித்தார், கூட இன்னொரு பெண் சிரித்தாள். இருபத்து மூன்று வருஷமாக ஒரே வீட்டில் கேட்ட சிரிப்பு அது. ஆனால் அவ்வளவு நீளமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

பாதிப் படியில் நின்றுவிட்டேன். என் மனைவி சிரிக்கிறாள், நான் போனால் நின்றுவிடும் என்று ஒரு கூச்சம். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. சத்தம் நின்றது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு மிச்சப் படியை ஏறினேன்.

தவுக்கேயும் சம்சாரமும் மட்டும் இருந்தார்கள். நாற்காலியில் கறுப்பு பேஸ் சாய்ந்திருந்தது. அந்த மாடிக்கு வேறு வழி கிடையாது, நான் நின்ற படி ஒன்றுதான். தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்து, "தண்ணி வாங்கப் போறோம்னு ரெண்டு பேரும் இப்பத்தானே எறங்கினீங்க? தண்ணி எங்க? இது என்ன, சிவப்பத் தூக்கிட்டு வர்றீங்க?" என்றார்.

நான் பேஸின் கழுத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. தடித்த தந்தி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது, விரல் வைத்து நிறுத்தினேன்.

அப்போது கீழேயிருந்து யாரோ படியேறி வருகிற சத்தம். செருப்புச் சத்தம், பிளாஸ்டிக் பை உரசுகிற சத்தம். நான் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சத்தம் பாதிப் படியில் நின்றது. நான் நின்ற அதே இடம். நான் மேலே நிற்பது தெரிந்து அவனும் கூச்சப்பட்டானோ என்னவோ. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. கைப்பிடிக் கம்பியில் நாலு தண்ணீர்ப் பொட்டலங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்ட்ரா போட்டுத் தொங்கின. இரண்டு காப்பி. ஒன்று சீனி போடாத தேத்தண்ணி, எனக்கு இனிப்பு நீர் வியாதி, சர்க்கரை ஆகாது, நான் அதுதான் குடிப்பேன். இன்னொன்று ரோஸ் நிறத்தில் சிராப் பண்டோங், ரோஜா சர்பத்தில் பால் கலந்தது.

பண்டோங் யாருக்கு என்று புரியவில்லை. கமலா வெறும் தேத்தண்ணிதான் குடிப்பாள். அப்போ அது அவள் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது, சின்னப் பிள்ளை மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே சிவப்பைக் கொடுத்துவிட்டுக் கறுப்பை வாங்கிவிட்டேன். நல்ல பேஸ்தான், லேசானது, ஓட்டை ஆடாது, குமிழ் கரகரக்காது, முதல் நாளே அதை எடுத்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் வாங்கியது அதற்காக இல்லை. அவனுக்கு வாசிக்க அது இருக்கக்கூடாது என்று வாங்கினேன்.

பொந்தியான் விருந்தில் என் இடத்தில் நான் நின்றேன். சேகர் தட்டிக்கொடுத்தான், "இது பேஸுண்ணே!" என்றான். கமலா அன்றைக்கு வந்திருந்தாள், பெண் வீடு அவளுக்குத் தூரத்துச் சொந்தம், இல்லாவிட்டால் கச்சேரிப் பக்கமே வரமாட்டாள், சத்தம் ஆகாது. நான் மேடையிலிருந்து பார்க்கிறேன், மேசையில் வைத்த ரோஸ் தண்ணீரை எடுத்தாள். ஒரு கிளாஸ். இன்னொரு கிளாஸ்.

காரில் வரும்போது கேட்டேன், "எப்ப இருந்து பண்டோங் குடிக்கிற?"

"எனக்கு எப்பவுமே பிடிக்கும். நீங்க கேட்டதில்ல." அப்புறம், "இன்னிக்கு நல்லாத்தான் வாசிச்சீங்க. ஆனா அன்னிக்குக் கடையில வாசிச்ச மாதிரி இல்ல," என்றாள்.

எந்தக் கடையில், என்றைக்கு என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரை கேட்கவில்லை. கேட்டால் நான் அவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

தவுக்கே கடைக்கு இப்போது சனிக்கிழமை யாரும் வருவதில்லையாம். நானும் ஓவர்டைம் பார்ப்பதில்லை. சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே முச்சந்தித் தண்ணீர்க் கடைக்குப் போய், கமலாவுக்கு ஒரு பண்டோங் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். அவன் செய்ததை நான் செய்ய முடியாதா என்ன.

போன சனிக்கிழமை தொழிற்சாலையில் ஒரு மிஷின் நின்றுபோய்க் கொஞ்சம் நேரமாகிவிட்டது. தண்ணீர்க் கடை மலாய் அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னொண்ணா? இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க, அபாங்," என்றார். வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் கறுப்பு பேஸ் நாற்காலியில் இருந்தது, நான் அதைக் காலையில் பையில் போட்டு மூடிவைத்திருந்தேன். சமையலறையில் ஜன்னல் கொக்கியில் ஒரு பண்டோங் பொட்டலம் தொங்கியது, பாதி குடித்தது. கமலா என் கையிலிருந்ததைப் பார்த்து, "ரெண்டு எதுக்குங்க?" என்று சிரித்தாள், அந்த நீளமான சிரிப்பு இல்லை, அதன் வால் மட்டும். என்னுடையதை வாங்கிப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினாள்.

என்னுடையதில் ஐஸ் அப்படியே இருந்தது. அவனுடையதில் கரைந்துபோயிருந்தது. அவள் அதைத்தான் எடுத்தாள், கடைசி வரைக்கும் உறிஞ்சிக் குடித்தாள். நான் வாங்கியது ராத்திரி வரைக்கும் அங்கேயே தொங்கியது.