மீன் போட்ட ஜப்பான் கிண்ணம்

என் சின்ன மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். அறுபதுகளின் நடுவில் ஒருமுறை விடுப்பில் வந்தபோது, ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு, தன் அக்காவுக்கென்று ஜப்பானிலிருந்து ஒரு பீங்கான் கிண்ணம் கொண்டுவந்தார். ரயிலில் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தாராம். வெள்ளைக் கிண்ணம்; விளிம்பில் மயிரிழையாய் ஒரு பொன்கோடு; உள்ளே அடியில் ஒரு நீல மீன். சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது, புளி ஆகவே ஆகாது, சூடாக எதையும் ஊற்றும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும், துடைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் நாலு தரம் சொல்லிவிட்டுக் கப்பலேறப் போனார்.

அதுவரை வாயைத் திறக்காத அத்தை அன்று சாயங்காலம் திறந்தாள். அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் சட்டம், நீதிமன்றம் எல்லாம் அவள்தான். "பித்தளைன்னா புளி போட்டுத் தேச்சா தீட்டு போவும். இது மண்ணு. எவன் துன்ன எச்சிலோ இன்னாவோ. அடுப்பங்கரையில வெக்காத." அப்பா வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலைப் பார்க்கப் போய்விட்டார். தம்பி கொடுத்ததைத் தூக்கியெறிய அம்மாவுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னாள். கிண்ணம் மாட்டுக்கொட்டகைக்குப் போனது, எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவருக்கு மத்தியானக் கஞ்சி ஊற்றுவதற்காக.

அவர் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாதவர். கொட்டகையோரம் உட்கார்ந்துதான் சாப்பிடுவார், பாத்திரத்தைத் தானே கழுவி வைப்பார். நான் பிறந்தது முதல் பார்த்த வழக்கம், ஏன் என்று கேட்டதில்லை. எட்டு வயதில் எனக்குப் பட்டது ஒன்றுதான்: வீட்டிலேயே அழகான பாத்திரம் அவருக்குக் கிடைக்கிறது, ஆகவே வீட்டிலேயே பெரிய ஆள் அவர்தான். கஞ்சி குறையக் குறைய மீன் வெளியே வருவதைப் பார்க்க எதிரே போய்க் குந்திக்கொள்வேன். எனக்கும் அதில்தான் சோறு வேண்டும் என்று ஒருநாள் அழுததற்கு அத்தை முதுகில் வைத்த அடி இரண்டு நாள் வலித்தது.

மாமா சொன்ன பக்குவத்தையெல்லாம் அவரிடம் ஒப்பித்தது நான்தான். அன்றிலிருந்து காய்ந்த பீர்க்கங்காய் நாரால் மட்டுமே தேய்த்தார். மாட்டுக்குத் தவிடு கரைக்கக் காய்ந்த வெந்நீரில் கொஞ்சம் எடுத்து முதலில் அலசுவார். துண்டின் சுத்தமான முனையால் துடைத்து, வைக்கோல்மேல் கவிழ்த்து, மாடு எட்டாத உயரத்தில் வைப்பார்.

இரண்டு வருடம் கழித்து மாமா மறுபடி வந்தார். வருகிறேன் என்று கடிதம் போட்டதிலிருந்தே அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. தான் ஆசையாகக் கொடுத்தது கொட்டகையில் கிடக்கிறது என்று தெரிந்தால் தம்பி இனி இந்த வாசலை மிதிக்கமாட்டான் என்ற பயம் அவளுக்கு.

சாப்பிட உட்கார்ந்ததும் மாமா, "இன்னாக்கா, கிண்ணத்தக் கண்ணுலயே காட்ல?" என்றார்.

"பத்திரமா பரண்மேல வெச்சிகீறேன்டா," என்றாள் அம்மா.

அந்தப் பொய் எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டகைக்கு ஓடினேன். ஏர் ஓட்டுகிறவர் பாதிக் கஞ்சியில் இருந்தார். "கிண்ணத்தக் குடு, மாமா பாக்கணுமாம்," என்றேன். அவர் என் அப்பாவைவிட மூத்தவர்; நானும் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன். "அம்மா கேட்டாங்களா பாப்பா?" என்று தயங்கினார். ஆமாம் என்று நானும் என் பங்குக்கு ஒரு பொய் சொன்னேன். மிச்சக் கஞ்சியை மாட்டுத்தொட்டியில் ஊற்றிவிட்டு, மூன்று முறை அலசித் துடைத்துக் கொடுத்தார்.

"மாமா, நம்ம ஊட்ல ஏரோட்றவனுக்கு மட்டும்தான் இதுல கஞ்சி. எனக்குக்கூட கெடையாது," என்று கூடத்தில் பெருமையாக நீட்டினேன். மாமா கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அத்தையை நிமிர்ந்து பார்த்தபடியே அம்மாவிடம், "இதுலயே சோத்தப் போடுக்கா," என்றார். அத்தை எழுந்து போனாள். அம்மா பரிமாற, மாமா அதிலேயே சாப்பிட்டு முடித்தார். கொட்டகைப் பக்கம் மட்டும் அவர் போகவில்லை. மறுநாள் காலை, எதையோ ஜெயித்தவர் மாதிரி ரயிலேறிப் போனார்.

அன்று மத்தியானம் கொட்டகைக்கு ஓர் அலுமினியக் குண்டானில் கஞ்சி போனது. கிண்ணம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்குள் இருந்தது. ஏன் என்று கேட்டேன். அத்தையிடம் அத்தனை நாள் வாயடைத்துக் கிடந்த என் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க மாமா சாப்ட்ட கிண்ணம்டீ. இனிமே ஏரோட்றவனுக்கு எப்டி குடுக்கறது?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஓடிப்போய் அவரிடமும் அப்படியே சொன்னேன். அவர் குண்டானைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான பாப்பா தொடச்சிக் குடுத்தேன்? அழுக்கு ஏதாச்சும் இருந்திச்சா?" என்று கேட்டார்.

பாராட்டுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். "புதுசாட்டம் இருந்திச்சு," என்று சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.