மூடியில்லாத டேங்க்கும் மூடி மறைத்த ஒரு வரியும்

போன வாரம் என் பிக்கப் நடுரோட்டில் நின்றுவிட்டது. வடலூருக்கு இந்தப் பக்கம், கொட்டும் மழையில். இரண்டு முறை திக்கியது, மூன்றாவது முறை குலுங்கியது... அவ்வளவுதான். இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துப் போய் ஜாகிர் பாய் ஷெட்டில் நிறுத்தினோம்.

ஜாகிர் பாய் என் வழக்கமான மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். டீசல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி என் முன்னால் வைத்தார். மேலே டீசல், கீழே முக்கால் பாட்டில் தண்ணீர். டேங்க்கில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றார்.

எப்படி இறங்கும்?

இந்த வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கம் இருக்கும் முந்திரித் தோப்புக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி. இதன் டீசல் டேங்க்குக்கு மூடியே கிடையாது. வெளியே ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தால் உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு தகடு. பங்க்கில் நாசிலைச் செருகினால் தகடு தானே திறக்கும், எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். திருகி எடுக்க வேண்டாம், பங்க்கிலேயே மறந்து வைத்துவிட்டு வரவும் வேண்டாம். எவ்வளவு வசதி!

நிலக்கரிச் சுரங்கம் இருக்கும் நம் ஊருக்கு இந்த வசதி ஒத்துவரவில்லை. காலையில் துடைத்த பால்கனியில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம் – அப்படி ஒரு தூசி. நிலக்கரித் தூள், சாம்பல், லாரி கிளப்பும் புழுதி எல்லாம் அந்தத் தகட்டின் இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். நாசில் பாதியில் முட்டும். இரண்டு லிட்டர் போனதும் ‘டக்’கென்று நிற்கும். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும்.

நான்கு மாதம் முன்பு இதைத்தான் இந்தப் பக்கத்தில் எழுதினேன். சுரங்க டவுன்ஷிப் ஓரம் இருக்கும் பங்க்கில், டீசல் போடும் அம்மாள் என் வண்டியில் நாசிலைச் செருக, அது சிக்கிக்கொள்ள, அவர் இழுக்க, டீசல் பீய்ச்சியடித்து, கடைசியில் தகடு உடைந்த கதை. ‘ஒரு காலை டயர் மேல் ஊன்றிக்கொண்டு பிரசவம் பார்ப்பது போல இழுத்தார்’ என்று எழுதியிருந்தேன். ஒரு பக்கக் காதுக்கு நூல் கட்டிய அவருடைய மூக்குக்கண்ணாடியையும் விடவில்லை. நிறையப் பேர் சிரித்ததாகச் சொன்னீர்கள். இந்த ஒரு வருடத்தில் எனக்கு அதிகக் கடிதம் வந்தது அந்தக் கட்டுரைக்குத்தான்.

பெயர் எதையும் போடவில்லை. அந்த நாகரிகத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

இப்போது ஜாகிர் பாய் ஷெட்டுக்கு வருவோம். அன்று உடைந்த தகட்டை நான் மாற்றவே இல்லை, மழை அதன் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. அவர் டேங்க் வாயைத் தனியாகக் கழற்றி எடுத்துத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டினார்.

“சார், இது நாசில் பட்டு ஒடஞ்சது இல்லீங்க. யாரோ ஸ்க்ரூடிரைவர் வுட்டு நெம்பியிருக்காங்க. கீறல் பாருங்க. இந்தக் கொக்கி அப்பவே வளஞ்சிருக்குது. அதுக்கு மேல யாரு நாசில் வுட்டாலும் மாட்டிக்கத்தான் செய்யும்.”

யார் நெம்பியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான்தான். பங்க்கில் அந்தச் சம்பவம் நடப்பதற்கு இரண்டு வாரம் முன்னால், குறிஞ்சிப்பாடி ரோட்டில் டீசல் தீர்ந்து நின்றேன். கேனில் டீசல் வாங்கிவந்தாலும் இந்த டேங்க்கில் ஊற்ற முடியாது. அதற்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் புனல் உண்டு – அதைச் செருகினால்தான் தகடு திறக்கும். என் வண்டியில் அந்தப் புனல் இல்லை. வெயில், அவசரம், எரிச்சல்... ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன். உள்ளே ஏதோ முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டிப் புனலாக்கி ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தச் சத்தத்தை அதன்பிறகு நான் நினைக்கவே இல்லை.

இதுவரை சொன்னது மறதி. மறதியை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். ஆனால் இன்னொன்று இருக்கிறது.

அன்று பங்க்கில், நாசில் முட்டியதுமே அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, “சார், உள்ள ஏதோ முன்னாடியே வளஞ்சிருக்குது, பாருங்க” என்றார். நான் வண்டியை விட்டு இறங்காமலே, “அது புது டெக்னாலஜிம்மா, உனக்குத் தெரியாது, நீ அழுத்திப் போடு” என்றேன். அவர் அழுத்திப் போட்டார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

கட்டுரை எழுதும்போது அவர் சொன்ன அந்த வரி எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. எழுதினேன், அடித்துவிட்டேன். ஏன்? அந்த வரி இருந்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

ஷெட்டிலிருந்து நேராக அந்தப் பங்க்குக்குப் போனேன். அவர் இல்லை. அந்தப் பம்ப்பில் வேறொரு பெண் நின்றிருந்தாள். ஓனரிடம் கேட்டேன். அந்த அம்மாளின் பெயர் அஞ்சலை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தவர். ஒவ்வொரு தடவையும் “ஜீரோ பாத்துக்குங்க சார்” என்று மீட்டரைக் காட்டியவர். அவரிடம் ஒரு நாளும் பெயர் கேட்டதில்லை நான்.

ஓனர் கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் பேசினார். டீசல் கொட்டிய அன்று அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லையாம்.

“அப்புறம் நீங்க எழுதுனது வந்துச்சு சார். வர்றவங்கல்லாம் அந்தம்மாவப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. சில பேரு, அந்தம்மா போடவேணாம்னு அடுத்த பம்ப்புக்குப் போனாங்க. நான் எத்தன நாளு சார் தாங்கறது?”

தப்பு என்னுடையது, அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன். அவர் பம்ப்பில் நின்ற பெண்ணைக் காட்டினார். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறாளாம், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். “இந்தப் பொண்ண நிறுத்தட்டுமா சார்? நீங்களே சொல்லுங்க” என்றார்.

நல்லது செய்யப் போகிறேன் என்று கிளம்பினால், அதிலும் இன்னொருத்தியின் வேலை போகிற மாதிரி ஆகிவிட்டது. பேசாமல் அஞ்சலையின் ஊர் எது என்று மட்டும் விசாரித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊர். அஞ்சலையின் கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அன்று ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் மகள் என்னைப் பார்த்ததும் நாற்காலியை எடுத்துப் போட்டாள். நான் யார் என்று சொன்னதும் உள்ளே போய்விட்டாள்.

அஞ்சலை வந்தார். அதே கண்ணாடி. இப்போது பண்ருட்டியில் முந்திரி உடைக்கப் போகிறார், விடியற்காலை பஸ். விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது. முந்திரி ஓட்டின் பால் பட்டால் அப்படித்தான் ஆகும். தோப்பு வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா? எங்கள் தோப்புக் கொட்டையும் பண்ருட்டிக்குத்தான் போகிறது.

ஸ்க்ரூடிரைவர், கீறல், ஜாகிர் பாய் – எல்லாவற்றையும் சொன்னேன்.

“வளஞ்சிருக்குதுன்னு அன்னிக்கே சொன்னேனே சார்.”

“சொன்னீங்க.”

“காதுல வுழுந்துச்சுதான?”

“விழுந்துச்சு.”

“அப்ப அத ஏன் எழுதல?”

சிரிப்பு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன் என்றேன். இப்படி ஒரு பதிலை ஒரு மனுஷியின் முகத்துக்கு எதிரே சொல்லவேண்டி வரும் என்று, எழுதுகிற நேரத்தில் யாருக்குத் தோன்றுகிறது?

அவர் தணிந்த குரலில் சொன்னார். கட்டுரையை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். ஊர் குரூப், பங்க் குரூப் எல்லாம் சுற்றி, மகளின் கிளாஸ் வரைக்கும் போயிருக்கிறது. உங்கம்மா வண்டிக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறார்களாமே என்று பிள்ளைகள் கேட்க, அவள் இரண்டு நாள் ஸ்கூலுக்கே போகவில்லை.

தெரிந்த இடங்களில் வேலைக்குச் சொல்லி வைக்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“வேல நான் பாத்துக்குவேன் சார். ஒடம்புல தெம்பு இருக்குது. நீங்க இத எழுதுவீங்களா?”

எழுதுகிறேன், பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“இல்ல சார், பேர போட்டு எழுதுங்க. அப்ப பேரு போடாமலே ஊருக்கெல்லாம் நான்தான்னு தெரிஞ்சிபோச்சு. இப்ப பேரு போட்டாத்தான் எம்மேல தப்பு இல்லன்னு தெரியும்.”

கிளம்பும்போது மகள் வெளியே வரவில்லை. அஞ்சலை மட்டும் ரோடு வரைக்கும் வந்து, வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று பின்னால் பார்த்துச் சொன்னார். ‘மன்னிச்சிட்டேன்’ என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

பதினைந்து வருடமாக வாராவாரம் இங்கே அடுத்தவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எத்தனை கட்டுரைகளில் இப்படி எத்தனை வரிகளை அடித்திருப்பேன்? கணக்கில்லை. அந்தக் கட்டுரைகளில் வந்தவர்கள் யாரும் எனக்குக் கடிதம் போட்டதில்லை. சிரித்தவர்கள்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே, தெளிவாகவே எழுதிவிடுகிறேன். டவுன்ஷிப் ஓரப் பங்க்கில் ஆறு வருடம் வேலை பார்த்த அஞ்சலை மேல் எந்தத் தப்பும் இல்லை. தகட்டை நெம்பியது நான். உள்ளே வளைந்திருக்கிறது என்று அவர் சொன்னார். அழுத்திப் போடச் சொன்னதும் நான். அதை உங்களிடம் மறைத்ததும் நான்.

இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லைதான்... இருந்தாலும் இதையும் போட்டோ எடுத்து அதே குரூப்பில் போடுங்கள்.