தாராவி டிரம்பெட்டுக்கு வயது சொல்லப் போனேன்

வெள்ளிக்கிழமை, காலை ஆறரை. தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது, இரண்டு இரவும் ஒரு பகலும் மேல் பெர்த்தில் மடங்கிக் கிடந்த என் இடுப்பு நிமிர மறுத்தது. கீழ் பெர்த்துதான் எனக்குக் கிடைத்திருந்தது. திருநெல்வேலியில் ஏறிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அதைப் பெருந்தன்மையாக விட்டுக் கொடுத்துவிட்டு, புனே வரை அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பேண்டு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய டிரம்பெட்டைக் கையில் கொடுத்தால் அது எந்த ஊர்ப் பட்டறையில் பிறந்தது, என்ன வயது என்று சொல்வேன். இதில் இரண்டே முறைதான் தவறியிருக்கிறேன். அந்த இரண்டையும் என் மனைவி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். மும்பை வரைக்கும் அந்தச் செய்தி போகவில்லை போலிருக்கிறது, இல்லையென்றால் இரண்டு தரப்பும் சேர்ந்து என்னை நடுவராக அழைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு தரப்பு தாதரில் எனக்காகக் காத்திருந்தது. பெயர் செல்லத்துரை. தாராவியில் கல்யாண பேண்டில் டிரம்பெட் வாசிப்பவர், வயது ஐம்பத்தைந்து இருக்கும், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். என் பையைப் பிடுங்கிக்கொண்டு டாக்ஸியில் ஏற்றினார். தாராவி தொண்ணூறு அடி ரோடு வரை ஐந்து கிலோமீட்டர், மீட்டரில் நூற்றுப் பத்து ரூபாய். அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் வழக்கு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார்.

மாதுங்காவில் ஒரு பெரியவர் இருந்தார். பாலக்காட்டுக்காரர், மும்பைக் கோட்டைப் பக்கம் கம்பெனி குமாஸ்தா, டிரம்பெட் பைத்தியம். அவரிடம் இரண்டு டிரம்பெட் இருந்தன. ஒன்று பாரிஸில் செய்த பழைய உருப்படி. மற்றது மீரட்டில் செய்த சாதாரணம். பல வருஷத்துக்கு முன்னால் ஒன்றைச் செல்லத்துரையிடம் கொடுத்துவிட்டார். இன்னொன்று பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. எது எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியவர் இறந்துவிட்டார். இப்போது அவருடைய மகன் சங்கரன், செம்பூரில் இருக்கிறவர், வந்து கேட்கிறார். செல்லத்துரையிடம் இருப்பது பாரிஸ் என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மீரட் என்றால் அவரே வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

"அண்ணாச்சி, நீங்க பாத்துட்டு இது நாட்டுச் சாமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. ஏக்தம் சுத்த மீரட். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்றார் செல்லத்துரை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் என்னிடம் டிரம்பெட் கொண்டுவந்த ஒவ்வொருவரும் லண்டன், பாரிஸ் என்று சொல்லிவிடச் சொல்லித்தான் கெஞ்சியிருக்கிறார்கள். தன் பொருளை மட்டம் என்று சொல்லச் சொல்லிக் கேட்ட முதல் மனிதர் இவர்தான். கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த ஒரு டிரம்பெட்டை வைத்துத்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

காலை எட்டு மணி. பெல்ட் தைக்கும் பட்டறைக்கு மேலே அவர் வீடு. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். நான் ஏறிய விதத்தைப் பார்த்து பெல்ட் பட்டறையில் வேலை சற்று நேரம் நின்றது. செல்லத்துரை ஒரு புதுத் துண்டைப் பிரித்து டிரம்பெட்டை என் மடியில் வைத்தார்.

தங்கம் போல மின்னியது. அதில் என் மூக்கு மயிர் வரைக்கும் தெரிந்தது.

விருந்தாளி வருகிறார் என்றால் நம் ஆட்கள் குத்துவிளக்கைத் தேய்ப்பது வழக்கம். இவர் டிரம்பெட்டைத் தேய்த்துவிட்டார். கையால் தேய்த்திருந்தாலும் பரவாயில்லை. எதிர்ச் சந்தில் இருக்கும் பாலிஷ் பட்டறையில் கொடுத்து, மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் இரண்டு மணி நேரம் பிடித்திருக்கிறார்கள். விரிந்த வாய்ப்பகுதியில், நாங்கள் பெல் என்று சொல்லும் இடத்தில், பட்டறையின் பெயர் பொறித்திருக்கும். விரலால் அழுத்தும் மூன்று பிஸ்டன்கள் இருக்கும் கூட்டின்மேல் எண் அடித்திருக்கும். வயது சொல்ல வருகிறவனுக்கு அந்த இரண்டும்தான் ஜாதகம். இங்கே இரண்டும் வழவழவென்று போயிருந்தன.

"பெல்லில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன்.

செல்லத்துரை நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "மீரட்டுன்னு எழுதியிருந்துச்சு அண்ணாச்சி. நீங்க வாரீங்களேன்னு ஒரு மரியாதைக்குக் குடுத்தேன்."

அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை எனக்கு மரியாதை செய்வதற்காக அவரே சுரண்டி எறிந்திருக்கிறார். நான் கத்தினேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். அவர் மனைவி சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். அதற்கு மேல் கத்த முடியவில்லை.

சாப்பிட்ட பிறகு, பிஸ்டன்களைக் கழற்றிப் பார்க்கலாம், பழைய பட்டறைகள் அதிலும் முத்திரை போடுவது உண்டு என்றேன். செல்லத்துரை அவசரமாகத் துண்டைச் சுற்றினார். எண்ணெய் போட்டு செட் ஆகியிருக்கிறது, திறந்தால் கெட்டுவிடும் என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் இரண்டு தரப்பும் இருக்கும்போது திறப்பதுதான் முறை என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை, காலை ஒன்பது. மாதுங்கா. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு காப்பிக் கடையில் சங்கரனைச் சந்தித்தேன். அணுசக்தி நகரில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நான் மூன்று நிமிஷம் தாமதம் என்பதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தே தெரிவித்தார். பாலிஷ் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"பாரிஸ்னு எழுதியிருந்ததை அழிச்சுட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் மாஸ்டர்?" என்றார்.

மரியாதைக்காகச் செய்தது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாவது காப்பியில் கொஞ்சம் இளகினார். இதே தெருவில் அவர்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தில், அப்பா டிரம்பெட்டை எடுத்தால் மூன்று மாடியிலும் ஜன்னல்களை அடைப்பார்களாம். அதனால்தான் பெரியவர் தாராவிக்குப் போய், பேண்டுக்காரர்களின் கொட்டகையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். செல்லத்துரை அப்படித்தான் பழக்கம். ஒருநாள் பரீட்சைக் கோபத்திலோ ஆபீஸ் கோபத்திலோ, இந்தச் சனியனை வீட்டைவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்று சங்கரன் சொல்லிவிட்டார். மறுநாள் அலமாரி காலி.

"அப்பா வாசிச்சு நான் ஒரு தடவைகூட முழுசாக் கேட்டதில்லை. இப்போ அது எனக்கு வேணும். அவ்வளவுதான்" என்றார். பிறகு காப்பி ஆறிவிட்டது என்று சர்வரிடம் சண்டைக்குப் போனார்.

காலை பதினொன்று. செம்பூருக்கு டாக்ஸியில் போகலாம் என்றேன். சங்கரன் என்னை ஊதாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மாதுங்காவில் லோக்கல் ஏறி, குர்லாவில் மாறினால் ஐந்து ரூபாய் டிக்கெட். குர்லாவில் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் படிகளை எண்ணத் தொடங்கி, கூட்டம் தூக்கிக்கொண்டு போனதில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். செருப்பு காலில் இருந்ததே பெரிய விஷயம்.

செம்பூரில் சங்கரன் வீடு இரண்டாம் மாடி. சொல்லியிருந்தபடி செல்லத்துரை எங்களுக்கு முன்பே வந்து, துண்டு மூட்டையை அணைத்தபடி வாசலில் நின்றிருந்தார். சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்தோம். சங்கரன் தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். டிரம்பெட்டுக்கு இது எதற்கு என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்றார்.

முதல் பிஸ்டனை உருவினேன். முத்திரை இல்லை, எண் இல்லை. மீரட். செல்லத்துரை மூச்சு விட்டார். மூன்றாவதும் அப்படியே. நடுப் பிஸ்டன் வெளியே வந்தபோது உலோகத்தின் நிறமே வேறாக இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஜன்னலோரம் கொண்டுபோனேன். அரிசி அளவில் ஒரு முத்திரை, கீழே மூன்று இலக்கம். மேலே விரல் வைக்கும் பொத்தானில் தேய்ந்த முத்துச்சிப்பி. எனக்கு அந்த முத்திரை தெரியும். பாரிஸில் இருந்த பழைய பட்டறை. வயது எண்பதுக்குக் குறையாது.

நான் சொல்லி முடிப்பதற்குள் சங்கரன் எழுந்துவிட்டார். பாரிஸ் என்றார். ஒரே பிஸ்டன்தான் பாரிஸ், மற்றதெல்லாம் மீரட் என்றேன். அவர் வெர்னியரை எடுத்து மூன்றையும் அளந்தார். நடுப் பிஸ்டன் மயிரிழை மெலிந்திருந்தது, தேய்த்து நுழைத்திருக்கிறார்கள். இது எப்படிச் சாத்தியம் என்று இருவரும் செல்லத்துரையைப் பார்த்தோம்.

செல்லத்துரை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"பெரிய சார் குடுத்தது பாரிஸ்தான் சார். குடுத்து மூணாம் வருஷம் ஊர்வலத்துல தண்ணி லாரி ஏறிருச்சு. நான் தப்பிச்சேன், அது தப்பிக்கல. மீரட் வாங்கினேன். அதுல நடுப் பிஸ்டன் சிக்கிக்கிட்டே இருந்துச்சு, பாரிஸ்ல நசுங்காம கெடந்த இத பாலிஷ் போட்டுத் தேச்சு மாட்டினேன். அன்னையிலருந்து சிக்கவே இல்ல. ஒடச்சிட்டேன்னு பெரிய சார்ட்ட சொல்ல எனக்கு வாய் வரல. அவரு போன பொறவு உங்ககிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

மீரட் என்று சொல்லிவிடச் சொல்லி அவர் என்னைக் கெஞ்சியதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. டிரம்பெட் போய்விடும் என்ற பயம் பாதி, லாரி விஷயம் வெளியே வந்துவிடும் என்ற வெட்கம் மீதி.

சங்கரன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நடுப் பிஸ்டனைக் கையில் எடுத்து, பொத்தானில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து அதைச் சுற்றிச் சட்டைப் பையில், பேனாக்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏற்பாடு ஏற்பாடுதான். பாரிஸ் என்னோடது, மீரட் உன்னோடது" என்றார்.

செல்லத்துரை சரி என்று தலையாட்டினார். நான்தான் பதறினேன். நடுப் பிஸ்டன் இல்லாத டிரம்பெட் வெறும் குழாய், காற்றுதான் வரும். மீரட்டின் பழைய நடுப் பிஸ்டன் எங்கே என்றேன். அதை அப்போதே எடைக்குப் போட்டாயிற்று என்றார் செல்லத்துரை. புதிதாகக் கடைந்து வாங்க ஒரு வாரமாவது ஆகும். மறுநாள் காலை அவருக்கு ஒரு கல்யாணம் இருந்தது. செல்லத்துரை அதைச் சொல்லவில்லை, நான் சொன்னேன்.

சங்கரன் வெகுநேரம் வெர்னியரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு?"

"காலைல ஏழுக்கு சார்."

"நான் கொண்டுவரேன். வாசிச்சு முடிஞ்ச உடனே கழட்டி எடுத்துண்டு வந்துடுவேன். ஒரு நிமிஷம்கூட அங்கே விட்டு வைக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு ஐம்பது. தொண்ணூறு அடி ரோடு. பேண்டு வாத்தியங்கள் வரிசையாக நின்றன. சங்கரன் அதே மாதிரி இஸ்திரிச் சட்டையில் வந்து இறங்கினார். கைக்குட்டையைப் பிரித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிஸ்டனைத் தானே உள்ளே இறக்கினார். யாரையும் தொட விடவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. டிரம்பெட் எங்கே போகிறதோ அங்கே அவரும் போக வேண்டியிருந்தது. செல்லத்துரைக்கு வலது பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பத்திரிகை நிருபர் மாதிரி நடந்தார். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடிய ஆட்டத்தில் இரண்டு முறை நசுங்கினார். ஒரு பாட்டி அவர் தலையிலும் பூ போட்டாள். தண்ணி லாரி ஒன்று பக்கத்தில் வந்தபோது செல்லத்துரையின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். முக்கால் கிலோமீட்டரைக் கடக்க ஒன்றே கால் மணி நேரம் ஆனது. நான் சங்கரன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் முழுசாகக் கேட்டார்.

அன்று இரவு வண்டியில் ஊர் திரும்பும்போது என் வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது. அதில் நாலு டிரம்பெட் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பட்டறை, வயது எல்லாம் அழகாக எழுதி ஒட்டியிருக்கிறேன். ஊதிப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்பதைத்தான் எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் மும்பையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கல்யாணப் பந்திதான். ஊர்வலம் முடிந்ததும் பிஸ்டனைக் கழற்றிக்கொண்டு உடனே கிளம்புவதாகச் சொன்ன சங்கரன், இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். சாம்பார் வாளியோடு வந்த பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், இந்த முகத்தை எங்கேயும் பார்த்ததில்லையே என்ற யோசனையோடு, சார் மாப்பிள்ளை வீடா என்று கேட்டார்.

சங்கரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இல்லை, நான் பேண்டு பார்ட்டி" என்றார்.